எண்ணை வெளியிடலாம், காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை: நிறுவனத் தலைவர்களின் ஊதியமும் அறிக்கையின் மொழியும்

"எக்ஸிகியூட்டிவ் காம்பன்சேஷன்" என்னும் தொடரைத் தமிழாக்கச் சொன்னால், கணினி மொழிபெயர்ப்பு பல வேளைகளில் "நிர்வாக இழப்பீடு" என்று எழுதித் தருகிறது. விபத்தில் கால் முறிந்தவர் பெறுவது இழப்பீடு. நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர் பெறுவதும் இழப்பீடு. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் பெறும் ஒரு நிறுவனத் தலைவர் எதை இழந்தார் என்று கேட்கத் தோன்றும். பிழை கணினியுடையது என்று சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அந்த ஊதியத்தைக் குறித்து நிறுவனங்கள் ஆண்டுதோறும் எழுதும் மூல வாசகங்களைப் படித்தால், பெயரும் பொருளும் பிரிந்து நிற்பது மொழிபெயர்ப்பில் தொடங்கியதன்று என்பது விளங்கும்.

திருவனந்தபுரத்தின் வடக்கே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிக் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம் இருக்கிறது. மொழியியல் துறையும் தமிழ்த் துறையும் அங்கே இயங்குகின்றன. அதற்கு அருகிலேயே 1990இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க். இன்ஃபோசிஸ், டிசிஎஸ் போன்ற பங்குச்சந்தை நிறுவனங்களின் ஊழியர்கள் அங்கே பணிபுரிகின்றனர். ஒருபுறம் சொல்லுக்குப் பொருள் தேடும் துறை; மறுபுறம், தம் தலைவரின் ஊதியம் எவ்வளவு என்பதை நாளிதழ்ச் செய்தி வழியாக மட்டுமே அறியும் பல்லாயிரம் ஊழியர்கள். இரண்டுக்கும் இடையே ஒரு சாலைதான் இருக்கிறது. ஆயினும் அந்த அறிக்கைகளைப் பனுவலாக எடுத்துப் படிக்கும் வழக்கம் தமிழ், மலையாள ஆய்வுலகில் ஏறத்தாழ இல்லை.

உழைப்புக்குப் பெறும் பணத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு. நாள் கணக்கில் பெறுவது கூலி. மாதக் கணக்கில் பெறுவது சம்பளம். கெளரவப் பணிக்குத் தருவது மதிப்பூதியம். ஒவ்வொன்றும் பெறுபவரின் சமூக நிலையைச் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இவற்றுள் "ஊதியம்" தனி வரலாறு உடையது. திருக்குறளில் அது ஆதாயம், பயன் என்னும் பொருளில் வருகிறது. பிற்காலத்தில்தான் சம்பளம் என்ற பொருளுக்கு ஒடுங்கியது. நிறுவனத் தலைவர்களைப் பொறுத்தவரை அச்சொல் தன் பழம்பொருளுக்கே திரும்பிவிட்டது எனலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 197ஆம் பிரிவில், ஒரு பொது நிறுவனம் தன் இயக்குநர்கள் அனைவருக்கும் சேர்த்து வழங்கும் ஊதியம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரே ஒரு நிர்வாக இயக்குநர் இருந்தால் அவருக்கு 5 சதவீதம். பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்தால் இவ்வரம்பையும் கடக்கலாம். எவ்வாறாயினும், அங்கே அளவுகோல் உழைத்த நாளோ மணியோ அன்று, லாபத்தின் பங்கு.

லாபத்தில் பங்கு பெறுவது குற்றமன்று. ஆனால் லாபம் பங்குதாரர்களுடையது. அதில் ஒரு பகுதியை எடுத்து ஒருவருக்குக் கொடுக்கும்போது, எவ்வளவு என்பதோடு ஏன் என்பதையும் உரியவரிடம் சொல்லவேண்டும். ஊதிய வெளியீட்டு விதிகளின் அடிப்படை இதுவே.

இந்திய விதிகள் "எவ்வளவு" என்பதை ஓரளவு கேட்கின்றன. 197(12)ஆம் பிரிவும், 2014இல் வந்த விதிகளின் 5ஆம் விதியும், ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் நிறுவன ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை இயக்குநர் குழுவின் அறிக்கையில் சொல்லுமாறு பணிக்கின்றன. ஊழியர் அனைவரின் ஊதியத்தையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பதே இடைநிலை. விதியே இதை விளக்கிச் சொல்கிறது. சராசரியைக் கேட்காமல் இடைநிலையைக் கேட்டது நல்ல முடிவு. உச்சியில் உள்ள ஒருசிலரின் பெருந்தொகை சராசரியை மேலே இழுத்துவிடும். நடுவில் நிற்பவரை அவ்வளவு எளிதில் நகர்த்த முடியாது.

"ஏன்" என்னும் கேள்விக்கு நேர்ந்தது வேறு. 2014ஆம் ஆண்டு விதியில் அக்கேள்வியும் இருந்தது. ஊழியர்களின் சராசரி ஊதிய உயர்வுக்கும் நிறுவனத்தின் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டும். உயர்பொறுப்பில் இருப்போரின் ஊதியத்தை நிறுவனத்தின் செயல்பாட்டோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இயக்குநர்களின் மாறும் ஊதியம் எந்த அளவுகோல்களால் தீர்மானிக்கப்பட்டது எனச் சொல்ல வேண்டும். 2016 ஜூன் 30 அன்று வெளியான திருத்தம் இந்த உட்கூறுகளை நீக்கியது. மடங்கு, உயர்வுச் சதவீதம், நிரந்தர ஊழியரின் எண்ணிக்கை ஆகியவை தங்கின. ஏறத்தாழ எண் கேட்ட கூறுகள் எஞ்சின. வாக்கியம் கேட்ட கூறுகள் போயின.

எஞ்சிய ஒரே விளக்கக் கூறு, மேலாண்மைப் பொறுப்பில் இல்லாதோரின் ஊதிய உயர்வையும் இருப்போரின் உயர்வையும் ஒப்பிட்டு நியாயம் சொல்லக் கேட்பது. அதன் ஆங்கில வாசகத்தில் "பெர்சன்டேஜ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பெர்சன்டைல்" என்று இருக்கிறது. முன்னது சதவீதம்; பின்னது வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தைக் குறிக்கும் புள்ளியியல் சொல். பள்ளித் தேர்வு முடிவில் இவ்விரண்டையும் குழப்பினால் மாணவன் சேரும் கல்லூரியே மாறிப்போகும். விதி பிறந்த நாள்தொட்டு இச்சொல் அப்படியே நிற்பதும், நிறுவனங்கள் அதைச் சதவீதம் என்றே கொண்டு நிரப்பிவருவதும், இவ்வறிக்கைகளைச் சொல்லுக்குச் சொல் யாரும் படிப்பதில்லை என்பதற்குச் சான்று.

எண் மட்டும் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். டெக்னோபார்க்கில் வளாகம் கொண்ட இன்ஃபோசிஸின் கணக்கையே பார்க்கலாம். 2021-22ஆம் நிதியாண்டில் அதன் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கின் ஊதியம் 71.02 கோடி ரூபாய் என்றும், அது இடைநிலை ஊதியத்தின் 872 மடங்கு என்றும் அறிக்கை சொல்லிற்று. அதே 2022ஆம் ஆண்டில் அவர் மறுநியமனம் பெற்றபோது, ஆண்டு ஊதிய இலக்கு 42.50 கோடியிலிருந்து 79.75 கோடியாக உயர்த்தப்படும் என்ற செய்தியும் வந்தது. மறு நிதியாண்டில் அறிக்கை காட்டிய ஊதியமோ 56.45 கோடி. 2024-25இல் 80.62 கோடி.

இலக்கு ஏறக்குறைய இரட்டிப்பான பின் வந்த ஆண்டில் ஊதியம் குறைந்தது எவ்வாறு? முன் ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட பங்குகளை எந்த ஆண்டில் எவ்வளவு கைக்கொண்டார் என்பதே முதன்மைக் காரணம். சட்டத்தின் 2(78)ஆம் பிரிவு, வருமான வரிச் சட்டம் சொல்லும் சலுகைகளின் மதிப்பையும் ஊதியத்தில் அடக்குகிறது. அதனால் பங்கு கைக்கு வரும் ஆண்டில் அதன் அன்றைய சந்தை மதிப்பு முழுவதும் அந்த ஆண்டின் ஊதியமாகிறது. 2024-25இன் 80.62 கோடியில் ஏறத்தாழ 49.5 கோடி இவ்வாறு வந்ததே. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வாக்களித்த தொகை, கணக்கில் செலவாக எழுதிய தொகை, கைக்கு வந்த தொகை என்ற மூன்றும் "ரெமுனரேஷன்" என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஒரு சொல் பல பொருள் தருவது கவிதைக்கு அழகு. கணக்கில் அது படிப்பவரைத் திசைதிருப்பும். 872 மடங்கு என்னும் எண் தலைப்புச் செய்தியாகிறது. அதன் பகுதி எது எத்தனை ஆண்டு உழைப்புக்கு உரியது என்பது இணைப்புகளில் சிதறிக் கிடக்கிறது.

சொல்லின் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும் எடுத்துக்காட்டு சென்னையில் உண்டு. சன் டிவி நெட்வொர்க் நிறுவனத்தின் 2020-21ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கலாநிதி மாறனும் காவேரி கலாநிதியும் தலா 87.50 கோடி ரூபாய் ஊதியம் பெற்றனர். அத்தொகை இரண்டு பகுதிகளைக் கொண்டது: சம்பளம் 13.87 கோடி, "எக்ஸ்-கிரேஷியா/போனஸ்" 73.63 கோடி. சட்டம் அனுமதிக்கும் ஊதியம் அது. முறைப்படி வெளியிடவும் பட்டது. கவனிக்கத்தக்கது அந்த இலத்தீன் தொடர். கடமையால் அன்றி அருளால் தருவது என்பது அதன் பொருள். தமிழில் கருணைத் தொகை.

தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை அறியாதவர் இல்லை. தீபாவளிக்கு முன் பொதுத்துறை ஊழியர்களுக்கு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக 20 சதவீதம் என்று அரசு அறிவிப்பது வழக்கம். கணக்கிடும் உச்சவரம்பு மாதம் 7,000 ரூபாய் என்பதால், ஒரு பேருந்து நடத்துநர் இரண்டும் சேர்த்துப் பெறக்கூடியது அதிகபட்சம் 16,800 ரூபாய். அங்கே "கருணை" என்ற சொல்லுக்கு வேலை இருக்கிறது: சட்டப்படி தரவேண்டியதற்கு மேல் தருகிறோம் என்று அது சொல்கிறது. நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையாளரே ஊதியம் பெறுபவராகவும் இருக்கும் இடத்தில், அருள்பவர் யார், அருளப்படுபவர் யார்? ஊதியத்தின் ஆறில் ஐந்து பங்கு எந்த அளவுகோலால் தீர்மானிக்கப்பட்டது என்ற கேள்விக்கு இப்பெயர் விடை தருவதில்லை. விடை வேண்டாத ஒரு பெயரைத் தருகிறது.

இந்த இடத்தில் வாக்குரிமை உதவுமா? 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த செபியின் விதி, புரமோட்டர் வகையைச் சேர்ந்த செயல் இயக்குநர் ஒருவரின் ஊதியம் 5 கோடி ரூபாய் அல்லது நிகர லாபத்தில் 2.5 சதவீதம் என்ற இரண்டில் அதிகமானதைத் தாண்டினால் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்கிறது. சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு வாக்கு எதிர்ப்பு வாக்கின் மும்மடங்காக இருக்க வேண்டும். புரமோட்டரிடம் 75 சதவீதப் பங்கு இருந்தால், எஞ்சிய 25 சதவீதத்தினர் ஒருவர் விடாமல் எதிர்த்தாலும் தீர்மானம் நிறைவேறும். சன் டிவியில் புரமோட்டரின் பங்கு 75 சதவீதம். வாக்கால் தடுக்க முடியாத நிலையில் சிறுபான்மைப் பங்குதாரருக்கு எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு, அறிக்கையில் எழுதப்படும் விளக்கம். 2016இல் நீக்கப்பட்டது அதுதான்.

வாக்கு பயன்படும் இடமும் உண்டு. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸில் புரமோட்டர்களின் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு. 2021 ஆகஸ்டில், சித்தார்த்த லாலை நிர்வாக இயக்குநராக மறுநியமனம் செய்து ஊதியம் நிர்ணயிக்கும் சிறப்புத் தீர்மானம் ஏறத்தாழ 73 சதவீத ஆதரவே பெற்று, வேண்டிய 75ஐ எட்டாமல் தோற்றது. லாபத்தில் 3 சதவீதம் வரை என்றிருந்த ஊதிய உச்சவரம்பை இயக்குநர் குழு 1.5 சதவீதமாகக் குறைத்து மீண்டும் பங்குதாரர்களிடம் சென்றபின்பே ஒப்புதல் கிடைத்தது. வெளியீடு வீண் என்போருக்கு இது மறுமொழி. அதேவேளை, எதிர்த்து வாக்களிக்க வல்லவர் யாரென்பதும் நோக்கத்தக்கது. பெரும் முதலீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்ல வாக்கு ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. அறிக்கைக்கு உரையாசிரியரை அமர்த்த முடிந்தவர் படிக்கிறார். நெய்யாற்றின்கரையில் ஐம்பது பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு உரையாசிரியர் இல்லை.

அவருக்கு மூலமே முழுமையாக வருவதில்லை. 5ஆம் விதி இன்னொரு பட்டியலையும் கேட்கிறது: நிறுவனத்தில் மிகுந்த ஊதியம் பெறும் பத்துப் பேரின் பெயர், தகுதி, வயது, ஊதியம், அவர் இயக்குநருக்கு உறவினரா என்ற விவரம்; மேலும், ஆண்டுக்கு 1.02 கோடிக்குக் குறையாமல் பெறுவோர் விவரம். 2016க்கு முன் இந்த எல்லை 60 லட்சம். உறவுமுறை நியமனங்களை வெளிக்காட்டக்கூடிய பட்டியல் இதுவே. பல நிறுவனங்கள் இந்த இணைப்பை நீக்கிவிட்டே ஆண்டறிக்கையை அனுப்புகின்றன. வேண்டும் பங்குதாரர் நிறுவனச் செயலருக்கு எழுதிப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. கேட்பவருக்கு மட்டும் சொல்வதை வெளியீடு என்று அழைப்பது பொருந்துமா?

திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தில் பணிபுரியும் எழுத்தரின் நிலை இதற்கு நேர்மாறு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில், ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அலுவலர், ஊழியர் ஒவ்வொருவரின் மாத ஊதியத்தையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. அரசு நிறுவனங்களுக்கு 197ஆம் பிரிவிலிருந்து 2015இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றை விடுவதில்லை. கடைநிலை ஊழியரின் சம்பளம் ஊரறியச் சொல்லத்தக்கது, பொதுமக்கள் பணத்தைத் திரட்டி இயங்கும் நிறுவனத்தின் பத்தாவது உயர்ஊதியக்காரருடையது எழுதிக் கேட்டால்தான் சொல்லத்தக்கது என்ற ஏற்பாட்டில், தனியுரிமை என்பதும் பதவிக்கேற்ப வழங்கப்படும் சலுகையாகிவிடுகிறது.

இடைநிலை என்னும் எண்ணிலும் ஒரு மௌனம் உண்டு. யாரை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரை எடுப்பது? விதி நிரந்தர ஊழியரின் எண்ணிக்கையைக் கேட்கிறது. ஆனால் இடைநிலைக்கு அடிப்படையான "ஊழியர்" யார் என்பதை வரையறுக்கவில்லை. வெளிநாட்டுக் கிளைகளில் இருப்போரைச் சேர்த்தால் எண் ஒன்று, விட்டால் வேறொன்று. டெக்னோபார்க்கின் வாயிலில் நிற்கும் காவலரும், இரவுப் பணியாளரை வீட்டில் சேர்க்கும் வண்டி ஓட்டுநரும், தளம் துடைக்கும் பெண்களும் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆட்கள். அவர்கள் அந்த வரிசையில் நிற்பதே இல்லை. குறைந்த ஊதியப் பணிகளை ஒப்பந்தத்துக்கு விட்டால் யாருக்கும் ஒரு ரூபாய் கூட்டாமலேயே இடைநிலை உயரும், மடங்கு குறையும். 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்களுக்குச் செபி கட்டாயமாக்கிய நிலைத்தன்மை அறிக்கை, ஆண் பெண் வாரியான இடைநிலை ஊதியத்தையும், நிரந்தரமல்லாதோர்க்குக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கப்பட்டதா என்பதையும் கேட்கிறது. அது முன்னேற்றமே. ஆனால் அவ்விவரம் மடங்கு விவரத்தோடு எங்கும் இணைக்கப்படுவதில்லை.

அமெரிக்க முறையைப் பின்பற்றினால் தீருமா? அங்கும் எளிய விடை இல்லை. 1998இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் பங்கு வெளியீட்டு ஆவணங்களின் முக்கியப் பகுதிகளை எளிய ஆங்கிலத்தில் எழுதக் கட்டளையிட்டது; 2006இல் தலைவர்களின் ஊதிய விவரங்களுக்கும் அதை விரித்தது. 2010ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டத்தின்படி, ஊதிய மடங்கை வெளியிடும் விதி 2015இலும், ஊதியத்துக்கும் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பை அட்டவணையாகக் காட்டும் விதி 2022இலும் வந்தன. இந்தியா 2016இல் நீக்கிய கேள்வியை அமெரிக்கா 2022இல் சேர்த்தது. ஆனால் விளைவு நீண்டு தடித்த ஆவணங்கள். 2025 ஜூனில் ஆணையமே வட்டமேசைக் கூட்டம் கூட்டி, இவ்விதிகள் முதலீட்டாளருக்குப் பயன்படுகின்றனவா என்று விவாதித்தது. அதிகம் எழுதச் செய்வதும் விளங்க எழுதச் செய்வதும் வெவ்வேறு. வழக்கறிஞரின் தற்காப்புக்காக எழுதப்படும் நூறு பக்கம், பங்குதாரருக்காக எழுதப்படும் ஒரு பக்கத்துக்கு ஈடாகாது.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. ஊதியத்தை வெளியிட்டால் போட்டி நிறுவனங்கள் திறமையாளரைக் கவர்ந்துகொள்ளும் என்பது ஒன்று. பிறர் பெறுவதைப் பார்த்து ஒவ்வொரு தலைவரும் கூடுதலாகக் கேட்க, வெளியீடே ஊதியத்தை ஏற்றிவிடும் என்பது மற்றொன்று. முதலாவது, உயர்பதவிச் சந்தையின் நடைமுறையை அறிந்தோரை நம்பவைப்பது கடினம். போட்டியாளர்க்கு அவ்விவரம் ஏற்கெனவே தெரியும், தெரியாதவர் பங்குதாரரே. இரண்டாவதில் உண்மை உண்டு. எண் மட்டும் வெளியாகி காரணம் வெளியாகாதபோது, ஒப்பீட்டுக்கு எண்ணைத் தவிர வேறொன்றும் இருக்காது. "அவருக்கு எண்பது, எனக்கு ஏன் அறுபது?" என்று ஒரு தலைவர் கேட்டால், "அவர் செய்ததை நீங்கள் செய்யவில்லை" என்று இயக்குநர் குழு சொல்ல வேண்டுமானால், செய்தது இன்னதென்று எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதில் கல்வியுலகத்துக்கு என்ன வேலை என்ற வினா எழலாம். 2013 ஏப்ரல் முதல் கேரள அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கின்றனர். அரசுக் கல்லூரி ஆசிரியரும் அதில் அடக்கம். அந்த நிதியின் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குச் செல்கிறது. தொழிலாளர் வைப்பு நிதி நிறுவனமும் 2015 ஆகஸ்டு முதல் ஒரு பகுதியைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் இடுகிறது. பங்குச் சந்தைப் பக்கத்தை ஒருநாளும் புரட்டாத உதவிப் பேராசிரியரும், டெக்னோபார்க்கின் இளம் பொறியாளரும், தாம் அறியாமலேயே இந்நிறுவனங்களின் உடைமையாளர்கள். அவர்களின் முதுமைக்கான பணத்திலிருந்து கொடுக்கப்படும் ஊதியத்தின் காரணத்தை அவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் கேட்பது உரிமை.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. 2016இல் நீக்கிய விளக்கக் கூறுகளை மீட்க வேண்டும். வாக்களித்தது, செலவெழுதியது, கைக்கு வந்தது என்ற மூன்று தொகைகளையும் ஒரே அட்டவணையில் தனித்தனிப் பெயரோடு காட்டச் செய்ய வேண்டும். "எக்ஸ்-கிரேஷியா" போன்ற பெயரில் தரும் தொகைக்கு அளவுகோலை எழுதச் செய்ய வேண்டும். பத்துப் பேர் பட்டியலை நிறுவனத்தின் இணையதளத்தில் வைக்க வேண்டும். இடைநிலைக்கு உரிய ஊழியர் யார் என்பதை வரையறுத்து, ஒப்பந்தப் பணியாளரின் எண்ணிக்கையை அருகிலேயே எழுதச் செய்ய வேண்டும். இவற்றின் ஒரு பக்கச் சுருக்கத்தை, நிறுவனத்தின் பதிவு அலுவலகம் அமைந்த மாநிலத்தின் மொழியிலும் வெளியிடச் செய்ய வேண்டும். "பெர்சன்டைல்" என்ற சொல்லையும் திருத்திவிடலாம். அதற்குச் செலவே இல்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாத பணியும் ஒன்று உண்டு. பொது நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் யாவும் இலவசமாகக் கிடைக்கும் பனுவல்கள். கல்வெட்டில் ஒரு கொடையின் அளவையும் காரணத்தையும் பிரித்துப் படிக்கப் பழகிய துறைகள், இவற்றையும் அதே கவனத்தோடு படிக்கலாம்: எந்தச் சொல் எந்தத் தொகையைச் சுட்டுகிறது, எந்த வினைக்கு எழுவாய் இல்லை, எந்த ஆண்டில் எந்த விளக்கம் மறைந்தது. முதுகலை மாணவர் ஒருவர் ஒரே நிறுவனத்தின் பத்தாண்டு அறிக்கைகளை எடுத்து, 2016க்கு முன்னும் பின்னும் ஊதியப் பகுதியின் வாக்கியங்களை ஒப்பிட்டால் ஓர் ஆய்வேடு கிடைக்கும். காரியவட்டத்திலிருந்து அந்தப் பொருளைத் தேடி அவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சாலையைக் கடந்தால் போதும்.